எதைவிட?

2011 ஜூலை மாசம். டி.ஃபார்ம் முடித்துவிட்டு, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டிய ஒரு மெடிக்கலில் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே பென்ஷனில் இருப்பவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவருக்கு மகள் பாரிஸில். வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே.

அன்று காலை ஒரு காலி மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். பெட்டியின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்த இடம் மட்டும் சொரசொரவென்று வெளுத்திருந்தது.

"ஏம்மா, இந்த மாத்திரைய அங்க நிறுத்திட்டாங்களாம். பொண்ணு போன்ல சொல்லுது. உங்க கடையில இதே மாத்திரை வரிசையா அடுக்கி வெச்சிருக்கீங்க. அங்க ஆகாதது இங்க எப்பிடிம்மா ஆகும்?"

பயோகிளிட்டசோன். சர்க்கரைக்குக் கொடுப்பது. நீங்களாக நிறுத்தாதீர்கள் தாத்தா, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது அதுதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லையே. ஒரே மூலக்கூறு, ஒரே நோய், இரண்டு நாடு, இரண்டு முடிவு. எது சரி என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பி.ஃபார்ம் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போது எம்.ஃபார்ம், ஃபார்மசி ப்ராக்டிஸ், இரண்டாம் செமஸ்டர். "இந்த வயசுல மறுபடியும் என்ன படிப்பு, மாத்திரை செய்யறதா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். செய்வது இல்லை. செய்து வந்த மாத்திரையை வாங்கலாமா, யாருக்குக் கொடுக்கலாம், என்ன விலை தகும், அரசாங்கம் தன் பட்டியலில் அதைச் சேர்க்கலாமா என்று முடிவெடுக்கிற படிப்பு. அமெரிக்காவில் ஆர்கன்சா மருத்துவப் பல்கலைக்கழகம் 'மருந்து மதிப்பீடும் கொள்கையும்' என்ற பெயரிலேயே ஒரு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. நமக்கு அது எம்.ஃபார்ம் பாடத்திட்டத்துக்குள் ஒரு தாள்: ஃபார்மகோ எபிடெமியாலஜி அண்ட் ஃபார்மகோ எகனாமிக்ஸ். மருந்து ஊர்மக்களிடம் போன பிறகு என்ன ஆகிறது என்பது முதல் பாதி, அதற்குக் கொடுத்த காசு தகுமா என்பது மறுபாதி. கிளினிக்கல் ரிசர்ச், ஹாஸ்பிடல் ஃபார்மசி, மருந்தியல் சிகிச்சை என்று மற்ற தாள்களும் உண்டு. நான் எழுத உட்கார்ந்தது இந்த ஒரு தாளுக்காக.

முதல் வகுப்பிலேயே மேடம் ஒரு வேலை செய்தார். "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு நல்ல மாத்திரை பேர் சொல்லுங்க" என்றார். ஒரு பையன் எழுந்து, "மேடம், மெட்ஃபார்மின் நல்ல மருந்து" என்றான். "எதைவிட?" என்றார். அவன் யோசித்து, "சல்ஃபோனைல்யூரியாவைவிட" என்றான். "யாருக்கு? எத்தனை வருஷத்துக்கு? எவ்வளவு செலவுக்கு?" அடுத்தவள், அடுத்தவன், எல்லோருக்கும் அதே கேள்விகள். மணி அடிக்கும் வரை இதே நடந்தது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் தாத்தா கேட்டதை எங்கிருந்து பிரிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. அவருடைய மருந்து கெட்டது என்றார்கள். எதைவிட?

எனவே செமினாருக்கு பயோகிளிட்டசோனையே எடுத்துக்கொண்டேன்.

பிரான்ஸில் எல்லோருக்கும் அரசுக் காப்பீடு. யார் எந்த மருந்து வாங்கினார், எப்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்பதெல்லாம் ஒரே கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணக்கிலிருந்து சுமார் 15 லட்சம் சர்க்கரை நோயாளிகளை எடுத்து, 2006 முதல் 2009 வரை பார்த்தார்கள். அவர்களில் சுமார் 1.55 லட்சம் பேர் பயோகிளிட்டசோன் சாப்பிட்டவர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு அவர்களுக்கு 22 சதவீதம் கூடுதல் என்று வந்தது. 2011 ஜூனில் பிரான்ஸ் மருந்தை நிறுத்தியது.

22 சதவீதம் என்று கேட்டால் வயிறு கலங்கும். எனக்கும் கலங்கியது. மேடம், "சதவீதத்தை மூடி வெச்சிட்டு ஆளை எண்ணு" என்றார். எண்ணினேன். அந்த மருந்து சாப்பிடாத சர்க்கரை நோயாளிகள் ஒரு லட்சம் பேரை ஒரு வருஷம் பார்த்தால், அந்தப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 43 பேர். சாப்பிட்ட ஒரு லட்சம் பேரில் சுமார் 49 பேர். வயது முதலியவற்றைச் சரிசெய்த பிறகு அவர்கள் சொன்னதுதான் அந்த 22. ஆண்களிடம்தான் இந்தக் கூடுதல் தெளிவாகத் தெரிந்தது, நிறைய நாள் நிறைய டோஸ் சாப்பிட்டவர்களிடம் இன்னும் அதிகமாக. ஆக, பயம் பொய் இல்லை. அதன் அளவு என்ன என்பதுதான் கேள்வி.

அந்த ஆய்வில் ஒரு ஓட்டையும் இருந்தது. காப்பீட்டுக் கணக்கில் மருந்து இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும், பீடி சிகரெட் இருக்காது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைதான் பெரிய காரணம். யார் புகைத்தார் என்று தெரியாமல் மருந்தின் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றுவது? அதே தகவல்களைப் பார்த்த ஐரோப்பிய மருந்து முகமை அந்த ஜூலையில் வேறு முடிவுக்கு வந்தது. மருந்து இருக்கட்டும், ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், சிறுநீரில் ரத்தம் போய் இன்னும் காரணம் பார்க்காதவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்றது. 2015-ல் அமெரிக்காவில் 1.93 லட்சம் பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் கூடுதல் ஆபத்து உறுதியாகத் தெரியவில்லை. அதற்கு மறு வருஷம் அமெரிக்க அதிகாரிகள், ஆபத்து கூடக்கூடும் என்று எச்சரிக்கையைத் திருத்தி எழுதினார்கள். இத்தனை படித்தவர்கள் ஒரே எண்களைப் பார்த்து வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண் ஒன்றாக இருந்தாலும், மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும் என்பது ஒவ்வொரு நாட்டிலும் வேறு.

அது என்னவென்று 2013-ல் எங்கள் கவுன்டரிலேயே பார்த்தேன். அந்த ஜூனில் இந்திய அரசும் பயோகிளிட்டசோனை நிறுத்தியது. அலமாரியிலிருந்து ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாக எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'விற்கக் கூடாது' என்று எழுதி ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்ப வைத்தோம். அடுத்த வாரமே மாற்றி எழுதின சீட்டுகள் வர ஆரம்பித்தன. பலருக்கு கிளிப்டின் வகை. அப்போது அதில் சில மாத்திரைகள் ஒன்று நாற்பது ரூபாய்க்கு மேல். சில ரூபாய்க்கு மாத்திரை வாங்கிப் பழகியவர்கள் அவர்கள்.

ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர், முப்பது நாளுக்கு எழுதின சீட்டை நீட்டி, "ஆறு மட்டும் குடும்மா" என்றார். கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்தார், மறுபடியும் ஆறு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார் என்று தெரிந்தது. மூன்றாம் முறை வரவில்லை.

ஜூலை கடைசியில் அரசு தடையை விலக்கிக்கொண்டது. எடுத்த எடுப்பில் இதை எழுதக் கூடாது, பெட்டியில் எச்சரிக்கைக் கட்டம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு மாத்திரை திரும்பி வந்தது. பாரிஸில் அந்த மருந்தை எடுத்தால் காப்பீடு வேறு மருந்தை வாங்கிக் கொடுக்கும். ரெட்டியார்பாளையத்தில் எடுத்தால் சிலருக்கு அந்த இடம் காலி. பயோகிளிட்டசோனை எதோடு ஒப்பிட வேண்டும் என்று கேட்டால், டாக்டர் எழுதுகிற மாற்று மருந்தோடு என்று புத்தகம் சொல்லும். அந்த அண்ணனுக்கு ஒப்பீடு, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்ட கிளிப்டின்.

இதிலேயே இன்னொன்று: இந்த மதிப்பீட்டுக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு. 2019 டிசம்பரில் வில்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்தது, 2022-ல் சிட்டாகிளிப்டினுடையது. ஆளுக்கு ஒரு பிராண்டாக இறக்கினார்கள், விலை மளமளவென்று விழுந்தது. 2022-ல் வந்த அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் மொத்தம் 384 மருந்து. டெனிலிகிளிப்டின் அதில் உண்டு, பயோகிளிட்டசோன் இல்லை. 2013-ல் நான் எழுதியிருக்கக்கூடிய பதிலும் இன்று எழுதுகிற பதிலும் ஒன்றாக இருக்காது.

அந்தப் பட்டியலில் ஏறினால்தான் உச்சவிலை. 2013-ல் வந்த விலைக்கட்டுப்பாட்டு ஆணையின்படி, சந்தையில் ஒரு சதவீதமாவது பங்கு உள்ள எல்லா பிராண்டுகளின் கடைக்காரர் வாங்குவிலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். அவ்வளவுதான். ஒரு கம்பெனி 2 ரூபாய்க்கும் இன்னொன்று 8 ரூபாய்க்கும் கொடுத்தால் சராசரி 5, கூட 80 பைசா. 2 ரூபாய்க்குக் கொடுக்க முடிகிற மாத்திரைக்கு உச்சவிலை 5 ரூபாய் 80 பைசா. இதற்கு முந்தைய 1995 ஆணை, தயாரிக்க என்ன செலவாகிறது என்பதிலிருந்து கணக்குப் போட்டது. பழைய முறையில் வேறு சிக்கல்கள் உண்டு என்று வகுப்பில் வாதம் நடந்தது. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. விலையேறின பிராண்டுகளையும் கூட்டித்தான் சராசரி என்றால், அந்த எண் நோயாளி பக்கத்திலிருந்து வந்தது இல்லை.

கொடுத்த காசு தகுமா என்று பார்க்கிற கணக்கில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது மார்கோவ் மாடல். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரும், தலை சுற்றும். ஒருநாள் ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு மாமியாருடைய பல்லாங்குழியை எடுத்து வைத்தேன். மூன்று குழி போதும். முதல் குழி, சர்க்கரை இருந்தும் நன்றாக நடமாடுபவர்கள். இரண்டாவது, கால், கண், சிறுநீரகம் என்று ஏதோ ஒன்று கெட்டவர்கள். மூன்றாவது, இறந்தவர்கள். முதல் குழியில் 100 புளியங்கொட்டை. எண்கள் எல்லாம் பழகுவதற்காக நானே போட்டவை.

பழைய மருந்தோடு ஒரு வருஷம்: முதல் குழியிலிருந்து 5 கொட்டை இரண்டாவதுக்கு, 1 மூன்றாவதுக்கு. மிச்சம் 94. புதிய மருந்தோடு: இரண்டாவதுக்கு 4 தான் போகிறது. மிச்சம் 95. முதல் குழியில் வாழ்கிற ஒரு வருஷத்துக்கு 0.9 மதிப்பு, இரண்டாவது குழியில் 0.6 என்று வைத்தேன். பழையதில் 87.6, புதியதில் 87.9. நூறு பேரும் சேர்ந்து பெற்ற லாபம் 0.3. இதைத்தான் குவாலி என்கிறார்கள், நல்லபடி வாழ்ந்த ஒரு வருஷம் ஒரு குவாலி. புதிய மருந்துக்கு ஆளுக்கு வருஷம் 6,000 ரூபாய் கூடுதல் என்றால் நூறு பேருக்கு 6 லட்சம். 6 லட்சத்தை 0.3-ஆல் வகுத்தால், ஒரு குவாலிக்கு 20 லட்சம்.

இங்கேயே நிறுத்தினால் அந்த மருந்து தோற்றுப்போகும். ஆனால் கொட்டையை இன்னும் நகர்த்த வேண்டும். இரண்டாவது குழியில் இருப்பவர்கள் சீக்கிரம் மூன்றாவதுக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிச் செலவும் அந்தக் குழியில்தான் அதிகம். பத்து சுற்று ஓட்டினேன். இரண்டு மருந்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று விரிந்தது, 20 லட்சம் இறங்கிக்கொண்டே வந்தது. மணி ஒன்றரை. மூன்றாவது குழி நிரம்பிக்கொண்டு வருவதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. எங்கள் அப்பா சர்க்கரையில் கால் எடுத்து, அப்புறம் போனவர். ஒரு கொட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த 0.9, 0.6 எங்கிருந்து வருகிறது? ஆட்களிடம் கேட்டுத்தான். ஐந்து கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கிறது: நடக்க முடிகிறதா, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா, வழக்கமான வேலைகள் முடிகிறதா, வலி, கவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. வெள்ளைக்காரர்கள் சொன்ன மதிப்பை வைத்தே நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். சண்டிகர் பி.ஜி.ஐ. முன்னின்று நடத்திய ஆய்வில் இந்தியர்களிடமே கேட்டு எடுத்த மதிப்புகள் 2022-ல் வந்தன. அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

பயிற்சிக்காக அடுத்த தெரு பாட்டி ஒருவரிடம் கேட்டேன். 'வழக்கமான வேலைகள்' என்று படித்ததும், "எதும்மா அது?" என்றார். "நீங்க தினமும் செய்யற வேலை பாட்டி." கொஞ்சம் யோசித்தார். "தண்ணி வர்ற நேரத்துக்கு எழுந்து ரெண்டு கொடம் புடிச்சு வெச்சிட்டேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. முடியலன்னா மருமவ மூஞ்சிய பாக்கணும். அப்ப எல்லாமே வலிக்கும்." ஐந்து படியில் எதை டிக் செய்வது? மூன்றாவதை டிக் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் நான் மிகவும் மதிப்போடு படித்த பகுதி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கினது. அதுவரை ஆஸ்பத்திரிகள் கேட்ட மருந்து ஒருநாள் வரும், ஒருநாள் வராது. இவர்கள் பட்டியலைச் சுருக்கினார்கள், டெண்டரை இரண்டு கவரில் வாங்கினார்கள், தரம் ஒரு கவர், விலை ஒரு கவர். தரத்தில் தேறினால்தான் விலைக் கவரைத் திறப்பார்கள். வந்த மருந்தின் மாதிரியை, தயாரித்த கம்பெனி பெயர் தெரியாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்க் போல ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு என்று அதில் வரவு, கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்கப் பற்று. ஆரம்பச் சுகாதார நிலைய டாக்டருக்குத் தன் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். விழுப்புரத்திலிருந்து சித்தி வரும்போது அவர் பையில் 'தமிழ்நாடு அரசு' அச்சிட்ட ஸ்ட்ரிப்பைப் பார்ப்பேன். சின்ன வயதில் அது வெறும் கவர்மென்ட் மாத்திரை. இப்போது அதன் பின்னால் இருக்கிற இரண்டு கவரும் தெரிகிறது.

தாத்தா கொண்டுவந்த பெட்டியில் கிழிந்திருந்த அந்த இடத்தின் கதையும் பாடத்தில்தான் தெரிந்தது. பிரான்ஸில் 2014 வரை மருந்துப் பெட்டியில் காப்பீட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதன் நிறத்தைப் பார்த்தாலே அரசு எத்தனை சதவீதம் திருப்பிக் கொடுக்கும் என்று தெரிந்துவிடும்: வெள்ளைக்கு 65, நீலத்துக்கு 30, ஆரஞ்சுக்கு 15. புதிதாக வருகிற மருந்தை ஒரு குழு உட்கார்ந்து ஐந்து படியில் நிறுத்தும். இருக்கிற சிகிச்சையைவிட மிகப்பெரிய முன்னேற்றம் என்றால் ஒன்று. எந்த முன்னேற்றமும் இல்லை என்றால் ஐந்து. ஐந்து வாங்கின மருந்து, இருப்பதைவிடச் செலவைக் குறைத்தால்தான் பட்டியலுக்குள் வரலாம். மேடம் கேட்ட கேள்வியை ஒரு நாடே சட்டமாக்கி வைத்திருக்கிறது. நம் ஊரில் 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி வைத்தார்கள், அந்த வேரில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். அவர்களுடைய இந்த வழக்கமும் இங்கே வந்திருக்கலாமே என்று ஆசையாக இருக்கிறது. டெல்லியில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென்று அமைப்பு வேலை செய்கிறது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதற்கு ஆய்வுகள் செய்து கொடுக்கிறது. ஆனால் தனியார் கடையில் வந்து இறங்குகிற ஒவ்வொரு புதிய பிராண்டையும் யாரும் எதோடும் ஒப்பிடுவதில்லை. கம்பெனி ரெப் சொல்கிறார், டாக்டர் எழுதுகிறார், நாங்கள் கொடுக்கிறோம்.

செமினார் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டுக்குப் போனேன். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார். அந்த மருந்தை அன்றைக்கே டாக்டர் மாற்றிவிட்டாராம். கேட்டதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நான் நினைவுபடுத்தி, தாளில் ஒரு லட்சம் என்று எழுதி, 43, 49 என்று இரண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். அங்கே மாற்று மருந்து கைக்கு வந்தது, இங்கே பலருக்கு வரவில்லை, அதனால் இரண்டு முடிவும் அந்தந்த இடத்தில் சரியாக இருந்திருக்கலாம் என்றேன்.

தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "நான் பணக்கார ஊர்ல பாதி நாள் இருந்ததால தப்பிச்சேங்கிறியா?"

"தப்பிச்சீங்கன்னு சொல்ல முடியாது தாத்தா. உங்களுக்கு ரெண்டு வழி இருந்துச்சு."

"அந்த ஆட்டோக்காரர் என்ன ஆனாரு?"

தெரியாது. அவர் பெயர்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஆய்வேடு. தலைப்பை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ரெட்டியார்பாளையத்தைச் சுற்றி, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் விலைக்காக மருந்தை மாற்றினார்களா, குறைத்தார்களா, நிறுத்தினார்களா, அப்போது சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று வீடு வீடாகக் கேட்கப் போகிறேன். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகுதான் தொடங்க முடியும், சில மாதம் ஆகும். அதுவரை இந்தப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய மருந்துச் சீட்டு, மெடிக்கல் பில், சுகர் ரிப்போர்ட் இருந்தால், வீடு ஒதுக்கும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மை மங்கிப்போன பில் என்றாலும் பரவாயில்லை, தேதியும் மாத்திரை எண்ணிக்கையும் தெரிந்தால் போதும்.